ஆயிரத்து எண்ணூறு வெள்ளணுக்கள்

தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத்தான் நாங்கள் நினைவில் வைத்துக்கொள்வோம். ஆம்பூரில் நான் இறங்கிய திங்கட்கிழமை மதியம், மே மாத வெயில் என் குடையைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்காக நின்ற பத்து நிமிடத்தில் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. காற்றில் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி. அதற்கு மேல் எங்கோ வெங்காயம் வதங்கும் மணம். இரண்டும் சேர்ந்து வந்தும் எனக்குப் பசித்தது என்று ஊரில் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் மலேசியாக்காரி. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம், சளி, சீழ் இவற்றோடு குடும்பம் நடத்தி ஓய்வுபெற்றவள். என் அப்பா இந்தப் பக்கத்து மனிதர். இளவயதில் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. அவருடைய தம்பி மகன் முருகேசன் இங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் மகள் மலர்விழிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். "நலங்கு வைக்க அத்தை முறைக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க அக்கா" என்று போனில் கெஞ்சி என்னை வரவழைத்திருந்தான்.

ஆட்டோவில் முருகேசன் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். "நான் செலக்ஷன்ல இருக்கேன் அக்கா. ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கணும். ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட என் கண்ணுக்குத் தப்பாது." எண்ணும் மெஷின் வரும்வரை நானும் அதே வேலையைத்தான் மைக்ராஸ்கோப்பில் செய்தேன் என்றேன். சிரித்தான்.

வீட்டில் நுழைந்ததும் பிரியாணி. சீரகச் சம்பா, அளவான காரம், பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய்த் தொக்கு. எங்கள் ஊரில் கல்யாணப் பிரியாணிக்கு அன்னாசிப்பழ ஊறுகாயும் அப்பளமும் வைத்து ஒப்பேற்றுவோம். இதற்கு முன்னால் அதெல்லாம் நிற்காது. "பசியாறிட்டீங்களா எல்லாரும்?" என்று நான் கேட்டதும் முருகேசனின் மனைவி கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் பக்கம் சாப்பிட்டாயா என்பதற்கு அப்படித்தான் கேட்போம். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, "இன்னா அண்ணி, பசியாறலாமா?" என்று கேலி செய்ய ஆரம்பித்தாள்.

மலர்தான் பரிமாறினாள். இருபத்து நான்கு வயது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. கல்யாணத்துக்காக அன்றுதான் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் கரண்டியை நீட்டும்போது இடது முன்கையில் ஒரு கட்டியைப் பார்த்தேன். கொண்டைக்கடலை அளவு, நடுவில் மஞ்சள் முனை, சுற்றிலும் சிவப்பு.

"இன்னாத்த அப்படிப் பாக்கறீங்க அத்தை? சூட்டுக் கட்டிதான். எங்க லைன்ல என்னோட சேத்து மூணு பேருக்கு இருக்குது."

என் கையில் இரண்டாவது துண்டு இறைச்சி இருந்தது. வந்த முதல் நாளே குறை கண்டுபிடிக்கும் வெளிநாட்டு அத்தையாக இருக்கவும் எனக்கு விருப்பமில்லை. "வெயில்தான். கிள்ளாம விடு" என்றேன். அந்தப் பேச்சுக்காக அந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பந்தக்கால் நட்டார்கள். மஞ்சள் பூசிய கொம்பு, அதில் மாவிலை, மஞ்சள் கிழங்கு, நவதானிய முடிச்சு. பால் ஊற்றி, கற்பூரம் காட்டி முடிந்ததும் கஸ்தூரி மகளைப் பார்த்து விரலை ஆட்டினாள். "இனிமே நீ வாசப்படி தாண்டக் கூடாது. தாலி கட்டிக்கத்தான் வெளிய போவணும்." மலர் கைதிபோலக் கையைக் கட்டி நின்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முதல் நாள்வரை அலுவலகம் உண்டு. இந்த வழக்கம் பரவாயில்லையே, ஓய்வாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

நலங்கு வைக்க உட்கார்ந்தேன். கன்னத்தில், கையில், பாதத்தில் மஞ்சள் தடவினேன். முன்கைக்குப் போனதும் அவள் பல்லைக் கடித்தாள். முந்தின நாளைவிடக் கட்டி பெரிதாகியிருந்தது. விரல் வைத்தால் சுட்டது. மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சளிக் காய்ச்சல், லைனிலும் பாதிப் பேர் தும்முகிறார்கள் என்றாள்.

"கட்டி எல்லாருக்கும் இதே இடத்துலதானா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தை. மிஷின் டேபிள் ஓரம் கையில ஒரசும். அதுக்கு ஒரு தோல் பட்டை இருக்குது, கட்டிக்குவோம். ஒரு மிஷினுக்கு ஒண்ணுதான். ஷிஃப்ட் முடிஞ்சா அடுத்தவ கட்டிக்குவா. வேர்வையைத் தொடச்சிட்டுதான் கட்டுவோம்."

ஒரே பட்டை, ஒரே இடத்தில் கட்டி, மூன்று பேர். ஆய்வுக்கூடமாக இருந்தால் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பேன். கல்யாண வீட்டில் மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காய்ச்சல் நூற்று மூன்று. கஸ்தூரிக்கு இதில் சந்தேகமே இல்லை. உடம்புச் சூடு ஏறிவிட்டது, இறக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். இளநீர், மோர், வெந்தயம். கறி கூடாது. கட்டியின் மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். என் அம்மாவும் எனக்கு இதையெல்லாம் செய்திருக்கிறாள். நான் எந்த வாயால் தடுப்பது?

மாலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஊசி போட்டார். நெஞ்சுப் படம் எடுக்கவும் இரத்தம் சோதிக்கவும் சொன்னார். படம் எடுக்க வெளியே போக வேண்டும். அதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. இரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கே வருவான் என்பதால் அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். வேலூருக்குக் கூட்டிப்போகலாம் என்றேன் நான்.

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, ஒரு ஜுரத்துக்குப் பந்தக்கால் நட்ட வூட்டுப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா மாப்ள வூட்ல இன்னா நெனைப்பாங்க? நாலு நாளுதான். நீங்க நாளைக்கு எங்கனா போய்ச் சுத்திப் பாத்துட்டு வாங்க. இங்க இருந்தா உங்களுக்கும் பேஜார்."

போ என்றால் போகிறேன் என்று எனக்கும் கோபம் வந்தது. வியாழக்கிழமை காலை இரத்தம் எடுக்கும் பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வேலூருக்கு அப்பால் மலையடியில் இருக்கும் அமிர்தி மிருகக்காட்சிச் சாலையில் பார்க்க மான்களும் முதலையும் மயில்களும் உண்டு. அருவி என்று சொன்ன இடத்தில் பாறைமேல் ஈரக்கோடு ஒன்று இருந்தது. எங்கள் தைப்பிங் மலையடியில் எந்தச் சாக்கடையும் இதைவிட வேகமாக ஓடும். முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அதன் முன்னால் நின்று ஒரு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தபோது முருகேசன் கூப்பிட்டான்.

"அக்கா, ரிப்போர்ட் வந்துட்டுது. பயப்பட ஒண்ணும் இல்ல. சுகர் இல்ல. வெள்ளை அணு கூட கம்மிதான். கஸ்தூரி இப்பதான் சாமிக்கு வெளக்கேத்தினா."

"கம்மின்னா எவ்வளவு?"

"ஆயிரத்தி எட்நூறு. பக்கத்துல ஸ்டார் வேற போட்டிருக்காங்க."

கொய்யாவை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. சர்க்கரை குறைந்தால் நல்லது, பிரஷர் குறைந்தால் நல்லது, கொழுப்பு குறைந்தால் நல்லது. இத்தனை வருடமாக டாக்டர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே கணக்கில் இதையும் படித்துவிட்டார்கள். பள்ளிக்கூட நோட்டில் ஸ்டார் போட்டால் சபாஷ் என்றுதானே அர்த்தம்.

நாலாயிரத்துக்குக் கீழே போகக் கூடாத எண் அது. சீழ்க் கட்டியும் கடுங்காய்ச்சலும் இருக்கிற உடம்பில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று ஏறியிருக்க வேண்டும். டெங்குவிலும் டைஃபாய்டிலும் இறங்கும். அப்படி இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். "இருமறாளா?" என்று கேட்டேன். "காலையிலேர்ந்து கொஞ்சம் இருமல்தான். மூச்சு வாங்குது" என்றான்.

"நான் வர்றேன். வேலூருக்கு வண்டி சொல்லி வை."

"கஸ்தூரி ஒத்துக்க மாட்டா அக்கா."

"வண்டி சொல்லு முருகேசா."

கணியம்பாடி வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, மறக்க நினைத்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு வந்தேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் போலீஸ் பயிற்சியில் இருந்த இளைஞன் ஒருவனின் இரத்தம் என் மேசைக்கு வந்தது. தொடையில் கட்டி, காய்ச்சல், இருமல். வெள்ளணு தொள்ளாயிரம். மெஷின்தான் தவறாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். பிறகு புது இரத்தம் அனுப்பச் சொன்னேன். அது வந்து, அதையும் ஓட்டி, எண்ணை நம்பி மேலே அனுப்பியபோது மதியம் தாண்டிவிட்டது. சாயங்காலம் அவன் போய்விட்டான். அவன் கட்டியிலிருந்த கிருமி சாதாரணமாகத் தோலிலும் மூக்கிலும் வாழ்வதுதான். ஆனால் அந்த வகை ஒரு நச்சைச் சுரக்கும் என்று பின்னால் தெரிந்தது.

அந்த நச்சு இரண்டு துண்டாக வெளியே வரும். தனித்தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. வெள்ளணுவின் மேல் போய் ஒட்டி அங்கே ஒன்றுசேர்ந்து வளையமாகி ஓட்டை போடும். அணு கசிந்து, ஊதி, உடைந்துபோகும். கிருமியைத் தின்ன வந்தது செத்துப்போவதோடு நிற்காது. அதன் வயிற்றிலிருக்கும் அமிலமும் கொட்டிச் சுற்றியிருக்கும் சதையை அரிக்கும். தோலில் நடந்தால் அது ஒரு கட்டி. சளிக் காய்ச்சலில் ஏற்கெனவே புண்ணாகிப்போன நுரையீரலில் நடந்தால் அதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

கணியம்பாடியில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய் டீ குடித்தார். கண்டக்டரிடம் போய் அவசரம் என்றேன். "எல்லாருக்கும்தான் அவசரம்மா. அவரு காலையில அஞ்சு மணிக்கு ஸ்டியரிங் புடிச்சவரு" என்றார். நியாயம்தான். கிளாஸிலிருந்து டீ ஒவ்வொரு வாயாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலூரில் வண்டி மாறி ஆம்பூர் வந்து சேர மணி நாலாகிவிட்டது.

வாசலில் பெண்கள் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. மஞ்சள் பூசிய முகத்தில் உதடு மட்டும் வேறு நிறமாக இருந்தது. வாயைத் துடைக்கும் துண்டை அவள் மடிக்குள் மறைத்தாள். பிடுங்கிப் பிரித்தேன். மஞ்சள் துண்டு முழுக்கச் சிவப்புத் திட்டுகள்.

"இது இரத்தம் கஸ்தூரி."

"ரத்தம் இல்ல அண்ணி. நலங்கு மஞ்சள் ஒட்டின துண்டு. அத நான்தான் சோப்பு போட்டு அலசினேன். மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும். உங்க ஊர்ல தெரியாதா?"

தெரியும். அவள் சொன்னதும் பொய்யில்லை. பயந்து நடுங்கும் ஒருத்தி கையில் கிடைத்த உண்மையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். "இப்பவே கிளம்பணும்" என்றேன்.

"வாசப்படி தாண்ட வெக்க மாட்டேன்" என்று அவள் நிலைப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "கட்டியப் பாத்துட்டு வெயில்தான்னு சொன்னவங்க நீங்கதானே? மொத நாள் நீங்க சொன்னதாலதானே நான் நிம்மதியா இருந்தேன்? லேப்ல இருந்தவங்க சொல்றாங்களேன்னு நம்பினேனே. இப்ப ரத்தம்ன்றீங்க, ஆஸ்பத்திரின்றீங்க. எதை நம்பறது?"

கோலம் போட்ட பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "தப்பாச் சொல்லிட்டேன் கஸ்தூரி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சாப்பாட்டு ருசியில சரியாப் பார்க்காமச் சொல்லிட்டேன். என்னை நம்ப வேணாம். ஒரு எலுமிச்சம்பழம் கொடு."

திருஷ்டி கழிக்க வாங்கி வைத்த பழங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து வெட்டித் துண்டின்மேல் பிழிந்தேன். சோப்பினால் சிவந்த மஞ்சளுக்குப் புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இரத்தத்துக்கு அப்படிப் புத்தி கிடையாது. ஓரத்திலிருந்த வெளிர் சிவப்பெல்லாம் எங்கள் கண் முன்னால் மஞ்சளுக்குத் திரும்பியது. நடுவில் நாணயம் நாணயமாக ஏழெட்டுத் திட்டு அப்படியே நின்றது, கொஞ்சம் கறுத்து.

கஸ்தூரி என் கையிலிருந்து பழத்தை வாங்கினாள். ஒரு திட்டின்மேல் தானே பிழிந்தாள். இன்னொன்றின்மேல் பிழிந்தாள். மூன்றாவதற்குப் பழத்தில் சாறில்லை. தோலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, மகளின் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கி, வலது காலா இடது காலா என்று பார்க்காமல் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தாள்.

சொன்ன கார் வரவில்லை; டிரைவர் வேறொரு கல்யாணச் சவாரிக்குப் போய்விட்டிருந்தான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, முக்கால் மணி ஆகும் என்றார்கள். எதிர்வீட்டு பாஷா பாய் அப்போதுதான் உப்புத் தோல் இறக்கிவிட்டு வந்து குட்டியானையை நிறுத்தியிருந்தார். அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு, தன் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்து போட்டார். "நாத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா. பொறுத்துக்கோங்க."

முருகேசன் முன்னால் ஏறிக்கொண்டான். மலரை எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டோம். நெடுஞ்சாலைக் காற்றில் உப்பும் தோலும் மஞ்சளும் மணத்தன. அவள் மூச்சை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது. நாற்பத்திரண்டு. பள்ளிகொண்டா டோல்கேட்டில் லாரிகள் நீளத்துக்கு நின்றன. பாஷா பாய் இறங்கி ஓடி, முன்னால் நின்ற ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டினார். வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. மறுபடி ஏறும்போது போனில் யாரிடமோ உருதுவில் படபடவென்று பேசினார். என்ன சொன்னீர்கள் என்று பின்னாலிருந்து கேட்டேன். "வூட்ல பேசினேன். கல்யாணப் பொண்ணு கூட வருது, பெரியவங்க எல்லாரும் துவா கேளுங்கன்னு சொன்னேன்" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். நான் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முன்கையில் கட்டி, சளிக் காய்ச்சல், இருமலில் இரத்தம், வெள்ளணு ஆயிரத்து எண்ணூறு, ஒரே பட்டையைக் கட்டிய மூன்று பேருக்கும் கட்டி. ஆயிரத்து எண்ணூறு என்றதும் அவர் பேனா நின்றது. "நீங்க?" என்றார். "லேப்" என்றேன். அவர் திரும்பி நர்ஸைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும்.

இரண்டு மருந்து ஏற்றினார்கள். ஒன்று கிருமியைக் கொல்ல. மற்றொன்று, சாவதற்கு முன் அது நச்சுச் சுரப்பதை நிறுத்த. அரை மணியில் மலருக்குத் தொண்டையில் குழாய் வைத்து மூச்சு மெஷினில் போட்டார்கள். பார்க்க ஒருவர் மட்டும், அதுவும் கண்ணாடிக்கு வெளியே.

நெஞ்சுப் படத்தை முருகேசன் கையில் கொடுத்தார்கள். அவன் அதைத் தூக்கி, இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தான். "டாக்டர் சொல்லவே வேணாம் அக்கா. இங்க ஒண்ணு, இங்க ரெண்டு. ஓட்டை வுழுந்த தோல் எனக்குத் தெரியாதா?" என்றான். ரிஜெக்ட் போடும் தோலைத் தனியாக ஒதுக்கி வைப்பவன் அவன். அன்று அந்தப் படத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

வெள்ளிக்கிழமை எண்ணிக்கை தொள்ளாயிரம். அந்த எண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாப்பிள்ளை சதீஷ் அன்று வந்தான். கணியம்பாடிப் பக்கம் நெல்லும் வாழையும் வைத்திருக்கும் குடும்பம். அவன் அம்மா வரவில்லை. படி தாண்டிய பெண்ணைப் பற்றி அங்கே ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று அவன் முகத்தில் தெரிந்தது. நாங்கள் கேட்கவில்லை. "இன்னிக்கி எவ்ளோ அத்தை?" என்று மட்டும் என்னிடம் கேட்டான். சொன்னேன். "எவ்ளோ இருக்கணும்?" சொன்னேன். அதற்குப் பிறகு காரிடாரில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் சொன்னதன் பேரில் மலரின் லைனில் இருந்த மற்ற இரண்டு பெண்களுக்கும் நான்தான் போன் செய்தேன். ஒருத்திக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. "சூடுதான் ஆன்ட்டி" என்றாள். நான் போட்ட அதட்டலில் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கொன்று வெட்டித் தந்திருக்கிறார்கள் என்று பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை ஆயிரத்து நானூறு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நேரம் ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த ஒன்றரை மணி நேரமும் கஸ்தூரி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சதீஷ் நாலு டீ வாங்கி வந்தான். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, "பந்தக்காலப் புடுங்க வேணாம்னு சொல்லிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான். கஸ்தூரி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

எண்ணுக்குப் பக்கத்தில் போடும் ஸ்டாருக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சபாஷ் இல்லை, இது சரியில்லை, கவனி என்று அர்த்தம். திங்கட்கிழமை நாலாயிரத்து எண்ணூறு வந்தது. ஸ்டார் இல்லை. கஸ்தூரி அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாக ஓர் இட்லியில் பாதி சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை குளித்து வர லாட்ஜுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது முருகேசன் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கையில் தாள்.

"ஸ்டார் திரும்ப வந்துட்டுது அக்கா" என்றான். "கஸ்தூரிகிட்ட இன்னும் காட்டல. இன்னா சொல்றதுன்னு தெரியல."

தாளை வாங்கினேன். கண்ணாடி போடாமல் படிக்க முடியவில்லை. போட்ட பிறகு ஈரத்தில் படிக்க முடியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன். பதின்மூன்றாயிரத்து இருநூறு. எண் அளவுக்கு மேலே போனாலும் மெஷின் ஸ்டார் போடும். தட்டணுக்களும் ஏறியிருந்தன. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறியிருக்குடா" என்றேன். "ஜாஸ்திடா முருகேசா, ஜாஸ்தி. உடைச்சு உடைச்சுப் போட்டுக்கிட்டிருந்தான்ல அந்தக் கிருமிப்பய, இப்போ அவனால உடைக்க முடியல. வெள்ளணுவெல்லாம் கூட்டமா வந்து நிக்கறாங்க."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. மேலே போனபோது டாக்டரே வெளியே வந்தார். காய்ச்சல் இரவிலிருந்து இல்லை, மெஷினைக் குறைத்துக்கொண்டு வருகிறோம், சாயங்காலம் குழாயை எடுத்துவிடுவோம் என்றார். நுரையீரலில் தழும்பு இருக்கும், ஆறு மாதத்துக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்றும் சொன்னார். சதீஷ் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கஸ்தூரி என் முகத்தையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கம்மின்னு சந்தோஷப்பட்டேன், திட்டினீங்க. ஸ்டார் இல்லன்னு நேத்துதான் நிம்மதியானேன். இன்னிக்கி ஸ்டார் இருக்குது, நீங்க சிரிக்கறீங்க. ஒண்ணாச் சொல்லுங்க அண்ணி, பொழைச்சிட்டாளா?"

"பொழைச்சிட்டா" என்றேன். அதை எழுத்தில் கொடுக்க எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அதிகாரமில்லை. இருந்தாலும் சொன்னேன்.

அவள் அந்தத் தாளைச் சின்னதாக, மிகச் சின்னதாக மடித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பந்தக்காலில் கட்டியதிலிருந்து ஒடித்து எடுத்து வைத்திருந்த ஒரு துண்டு மஞ்சள் அதில் இருந்தது. தாளையும் அதோடு சேர்த்து முடிந்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை கேலி இல்லை.

"வாங்க அண்ணி. பசியாறலாம்."